வாக்குச் சாவடியும் தபாற்பெட்டியும்

ஒரு நாட்டின் அரசியல் முதிர்ச்சியை அளந்தறிய விரும்புவோர் பொதுவாக அந்நாட்டின் பாராளுமன்றத்தையே நோக்குவர். ஆயின் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் கானையும் சந்தையையும் நூல்நிலையத்தையும் சுடலையையும் பரிபாலிப்பன மாநகர சபைகளும் நகர சபைகளும் பிரதேச சபைகளுமே. சாமானிய மக்கள் ஆட்சியைத் தம் வாசற்படியிற் சந்திப்பது இச்சபைகளின் வாயிலாகவே. இவற்றுக்கு உறுப்பினரைத் தெரியும் வாக்கு எவ்விடத்தில், எவர் முன்னிலையில், எவ்வாறு அளிக்கப்படுகின்றது என்பது அற்பமான வினாவன்று.

வாக்காளர் சாவடிக்குச் செல்ல வேண்டுமா, வாக்குச்சீட்டே அவர்களைத் தேடித் தபால் மூலம் வீட்டுக்கு வரலாமா என்ற விவாதம் உலகின் பல பாகங்களில் நடைபெற்று வந்துள்ளது. இதனை வசதி பற்றிய விவாதமாகவே பலர் கருதுகின்றனர். காலமும் செலவும் மிச்சமாகும், வாக்களிப்போர் தொகை பெருகும் என்பது ஒரு சாராரின் வாதம். மோசடி மலியும் என்பது மறு சாராரின் வாதம். வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்கின், இவ்விரு வாதங்களுக்கும் அடியில் வேறொரு வினா கிடப்பது புலனாகும். வாக்காளருக்கும் வாக்குப் பெட்டிக்கும் இடையே நிற்பவர் யார் என்பதே அவ்வினா.

இதனை ஆராய்வதற்கு இங்கிலாந்தின் உள்ளூராட்சி வரலாறு மிகப் பொருத்தமானது. எமது நாட்டு நகராட்சிச் சட்டங்களும் தேர்தற் சட்டங்களும் பெரும்பாலும் அந்நாட்டு வார்ப்பிலே பிறந்தவை என்பது ஒரு காரணம். வீட்டிலிருந்தபடியே வாக்களிக்கும் முறையை இரு வேறு நூற்றாண்டுகளில், இரு வேறு நோக்கங்களோடு, உள்ளூர்ச் சபைத் தேர்தல்களிற் கையாண்ட நாடு அது என்பது மற்றொரு காரணம். அவற்றுள் முதலாவது அனுபவம் இன்று பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது.

1834ஆம் ஆண்டில் நிறைவேறிய வறியோர் சட்டத் திருத்தம், ஊர்கள் பலவற்றை ஒன்றியங்களாக இணைத்து, ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் ஒரு பாதுகாவலர் சபையை ஏற்படுத்திற்று. வேலையிழந்தவனுக்கும் விதவைக்கும் முதியோருக்கும் உதவி கொடுப்பதா, அன்றி அவர்களை வேலையில்லம் என்ற பெயருடைய சிறையொத்த கட்டடத்துள் அடைப்பதா எனத் தீர்மானிக்கும் அதிகாரம் இச்சபையின் கையில் இருந்தது. இச்சபையைத் தெரிவு செய்யச் சாவடி அமைக்கப்படவில்லை. வாக்குச்சீட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. வாக்காளர் தம் விருப்பத்தைக் குறித்துக் கையெழுத்திட்டு வைத்திருக்க, சில நாட்களின் பின் அதற்கென நியமிக்கப்பட்டவர் வந்து வாங்கிச் சென்றார். வசதியென்று பார்த்தால் இதனை விஞ்சிய முறை வேறில்லை.

இவ்வசதி யாருக்கு வாய்த்தது என்பதையும் நோக்க வேண்டும். வாக்குரிமை வரியிறுப்போருக்கும் சொத்துடையோருக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. 1844ஆம் ஆண்டின் சட்டப்படி, 50 பவுணுக்குக் குறைந்த மதிப்புள்ள சொத்துக்கு ஒரு வாக்கு. மதிப்பு உயர உயர வாக்குகளும் உயர்ந்து, 250 பவுணும் அதற்கு மேலுமாயின் ஆறு வாக்குகள். ஒருவரே உடைமையாளராகவும் குடியிருப்பவராகவும் இருப்பின் அவருக்குப் பன்னிரண்டு வாக்குகள் வரை கிடைத்தன. நிலவுடைமையாளர் தமக்குப் பதிலாக வேறொருவரைக் கொண்டும் வாக்களிக்கலாம். சபையின் உதவியை நம்பி வாழ்ந்த ஏழைக்கோ வாக்கே இல்லை. கையெழுத்திட்ட சீட்டு வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே பல கைகள் மாறிற்று. யார் எவருக்கு வாக்களித்தார் என்பது அக்கைகளுக்கெல்லாம் தெரிந்திருந்தது. குத்தகைக் குடியானவனின் வீட்டுக்கு வந்த சீட்டிலே நிலப்பிரபுவின் விருப்பம் எழுதப்பட்டதில் வியப்பென்ன?

நகரங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 1835ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டத்தின்படி, வாக்காளன் தான் விரும்புவோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தன் கையொப்பத்தையும் இட்டு அதிகாரியிடம் கையளித்தான். பாராளுமன்றத் தேர்தலிலோ வாயாற் சொல்லியே வாக்களித்தனர். இன்னார் இன்னாருக்கு வாக்களித்தார் எனப் புத்தகங்களும் அச்சிடப்பட்டன. 1868ஆம் ஆண்டுத் தேர்தலில் நிலப்பிரபுக்களின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த வேல்ஸ் நாட்டுக் குடியானவர் பலர், தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் தம் மனச்சான்றின்படி வாக்களித்தமையே.

இக்கொடுமையை ஒழிக்கவே இரகசிய வாக்குச்சீட்டு வேண்டுமென்ற குரல் எழுந்தது. 1838ஆம் ஆண்டில் உழைக்கும் மக்கள் வெளியிட்ட மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1872ஆம் ஆண்டிலேதான் அது சட்டமாயிற்று. பாராளுமன்றத் தேர்தலுக்கும் மாநகரத் தேர்தலுக்கும் ஒருங்கே பொருந்திய சட்டம் அது. அவ்வாண்டு ஆகத்து மாதம் 15ஆம் நாள் பொன்டிஃபிராக்ற் என்ற ஊரில் நடைபெற்ற இடைத்தேர்தலே இம்முறையில் நிகழ்ந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலாகும். பாதுகாவலர் சபைகளுக்கு இந்நீதி கிட்ட மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1894ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டமே சொத்துக்கேற்ற பல வாக்குகளையும் வீட்டுக்கு வந்த சீட்டையும் ஒருசேர ஒழித்தது. இவ்விரண்டும் ஒரே நாளில் ஒழிந்தமை தற்செயலானதன்று. அவை ஒரே அமைப்பின் இரு உறுப்புகள்.

ஈண்டு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சாவடியிலுள்ள மறைப்புத் தட்டி வாக்காளருக்கு அளிக்கப்பட்ட வெறும் சலுகையன்று. அது ஒரு கட்டாயமுமாகும். வாக்காளர் விரும்பினாலுங்கூடத் தாம் இட்ட புள்ளடியைப் பிறருக்குக் காட்ட முடியாது. காட்ட முடியாதென்பதனாலேயே, காட்டு என்று அவர்களை எவரும் வற்புறுத்த முடியாது. வாக்கை விலைக்கு வாங்குபவன் தான் கொடுத்த காசுக்குப் பொருள் கிடைத்ததா என அறிய வழியில்லை. அடியாளும் முதலாளியும் குடும்பத் தலைவனும் அத்தட்டிக்கு இப்புறத்திலேயே நிற்க வேண்டியவராயினர். எளியவரின் பாதுகாப்பு அந்த மெல்லிய பலகையிலே தங்கியிருந்தது. வாக்குச்சீட்டு வீட்டுக்குச் செல்லும்போது இக்கட்டாயம் நீங்கிவிடுகின்றது. வீட்டிலே கதவைச் சாத்திக்கொண்டு தனியே குறிப்பவர் குறிக்கலாம். ஆனால் கதவைச் சாத்த விடாத வீட்டில் வாழ்வோர் என்ன செய்வர்?

இருபதாம் நூற்றாண்டில் தபால் வாக்கு மறுபடியும் தலைகாட்டியபோது அதன் நோக்கம் முற்றிலும் வேறாயிருந்தது. 1918ஆம் ஆண்டின் சட்டம் போர்முனையிலிருந்த படைவீரருக்கு அதனை வழங்கிற்று. 1948ஆம் ஆண்டின் சட்டம் நோயாளருக்கும், தொழிலின் தன்மையாற் சாவடிக்கு வரவியலாத சிலருக்கும் அதனை விரித்தது. காரணம் காட்டி விண்ணப்பித்தோருக்கு மட்டும் உரிய விதிவிலக்காகவே அது இருந்தது. சாவடியை அடைய முடியாதோரை விலக்கி வைக்காதிருப்பதற்கான நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

நிலைமை மாறியது 2000ஆம் ஆண்டிலே. 1990களின் இறுதியில் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்காளருள் மூன்றிலொரு பங்கினர்கூட வாக்களிக்கவில்லை. மத்திய அரசாங்கம் நகர சபைகளின் அதிகாரங்களையும் நிதியையும் படிப்படியாகக் குறைத்தபின், எதையும் செய்யவியலாத சபைக்கு யார் வந்தாலென்ன என மக்கள் எண்ணியமையே இவ்வசிரத்தையின் ஒரு காரணமென நாம் கருதுகிறோம். அரசாங்கமோ சபைகளுக்கு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பதை விடுத்து, வாக்களிக்கும் முறையை இலகுவாக்க முற்பட்டது. 2000ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், காரணம் எதுவும் கூறாமலே எவரும் தபால் வாக்குக் கோரலாமென விதித்தது. முழுத் தேர்தலையும் தபால் மூலமே நடாத்தும் பரிசோதனைகளுக்கும் அது வழி செய்தது.

தொடக்கத்திற் பலன் கண்ணைப் பறித்தது. கேற்ஸ்ஹெட் போன்ற வடபுலத் தொழில் நகரங்களில், முற்றிலும் தபால் மூலம் நடந்த தேர்தல்களில் ஏறத்தாழப் பாதிப்பேரும் அதற்கு மேலும் வாக்களித்தனர். இவ்வெற்றியாற் களிப்புற்ற அரசாங்கம், 2004ஆம் ஆண்டு யூன் மாதம் 10ஆம் நாள் ஐரோப்பிய பாராளுமன்றத் தேர்தலும் உள்ளூராட்சித் தேர்தலும் ஒருங்கு நிகழ்ந்தபோது, நான்கு பெரும் பிரதேசங்களில் முழுத் தபால் வாக்களிப்பை நடாத்திற்று. தேர்தல் ஆணைக்குழு இரண்டு பிரதேசங்களையே தயக்கமின்றிச் சிபார்சு செய்திருந்தது. வாக்களித்தோர் தொகை உயர்ந்ததெனினும், முழுத் தபால் முறையை இனிக் கைக்கொள்ளலாகாதென அவ்வாணைக்குழு அவ்வாண்டின் ஆகத்து மாதத்திலேயே அறிவுறுத்தியது.

அதே நாளில், அந்நான்கு பிரதேசங்களுக்கும் புறம்பான பேர்மிங்ஹாம் நகரில் நிகழ்ந்தது யாவரையும் திடுக்கிடச் செய்தது. அங்கு விரும்பிக் கோரியோருக்கு மட்டுமே தபால் வாக்கு அளிக்கப்பட்டது. எனினும் மாநகர சபைத் தேர்தலில் அத்தகைய வாக்குகள் முன்னெப்போதும் இல்லாதவாறு பெருகின. அஸ்ரன், போட்ஸ்லி கிறீன் என்ற இரு வட்டாரங்களின் முடிவுகள் குறித்து வாக்காளர் வழக்குத் தொடுத்தனர். பிறர் பெயரில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டமை, சீட்டுகள் வேறு முகவரிகளுக்குத் திருப்பப்பட்டமை, நிரப்பிய சீட்டுகள் கட்சித் தொண்டராற் சேகரிக்கப்பட்டு மாற்றப்பட்டமை ஆகியன பற்றி நீதிமன்றம் விசாரித்தது. நள்ளிரவு வேளையில் ஒரு பண்டகசாலையில், வாக்குச்சீட்டுகளோடு அபேட்சகரும் ஆதரவாளரும் இருந்ததைப் பொலிசார் கண்டமை பற்றியும் சாட்சியம் அளிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் தேர்தல் நீதிபதி றிச்சர்ட் மோறி இரு வட்டாரங்களின் தேர்தலும் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். தொழிற் கட்சியைச் சேர்ந்த ஆறு உறுப்பினர் பதவியிழந்தனர். அவர்களுள் ஒருவர் பின்னர் மேன்முறையீட்டில் தம்மீதான குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டமையையும் குறிப்பிடுதல் முறை.

அத்தீர்ப்பிலே, வாழைப்பழக் குடியரசுக்கும் இழுக்குத் தரும் மோசடியென்ற கருத்துப்பட நீதிபதி கூறினார். பத்திரிகைகள் இதனைப் பெரிய எழுத்துகளில் வெளியிட்டன. நேற்றுவரை குடியேற்ற நாடாயிருந்த தேசத்தின் மக்களாகிய நாம் இச்சொல்லைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். ஆனால் இதனுள் ஒளிந்திருக்கும் கருத்து நகைப்புக்குரியதன்று. அவ்விரு வட்டாரங்களிலும் தென்னாசியாவிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் மிகுதியாக வாழ்ந்தன. ஆகவே மோசடியைக் குடியேறியோரின் இயல்பாகக் காட்டும் எழுத்துகள் தோன்றின. இது வரலாற்றை அறியாதோர் கூற்று; அல்லது அறிந்தும் மறைப்போர் கூற்று. வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த விக்டோறியா காலத்து ஊர்களில், பாதுகாவலர் சபைத் தேர்தலுக்கு வீடுவீடாகச் சென்ற சீட்டுகள் எந்தத் தென்னாசியன் கையிற் சிக்கின? பேர்மிங்ஹாமில் வாக்கைப் பறிகொடுத்தோரும் அதே குடியேறிய மக்களே. நிலப்பிரபுவின் இடத்திலே வட்டாரப் பெரிய மனிதன் நின்றான். குத்தகைக் குடியானவனின் இடத்திலே, ஆங்கிலம் வாசிக்கவறியாத தாயும் உறவுக்குக் கட்டுப்பட்ட இளைஞனும் நின்றனர். மாறாதிருந்தது அவர்களுக்கிடையேயுள்ள அதிகார உறவே.

இதன்பின் சட்டம் மெல்ல மெல்லப் பாதுகாப்பைத் தேடிற்று. 2006ஆம் ஆண்டின் தேர்தல் நிருவாகச் சட்டம் தபால் வாக்காளரின் கையொப்பத்தையும் பிறந்த திகதியையும் ஒப்புநோக்கும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. 2022ஆம் ஆண்டின் தேர்தற் சட்டம், கட்சிப் பிரசாரகர் பிறருடைய தபால் வாக்குகளைக் கையாளுதலைக் குற்றமாக்கியது. 1872ஆம் ஆண்டில் ஒரு பலகை செய்த வேலையைச் செய்வதற்கு இத்தனை விதிகள் வேண்டியிருந்தன.

அப்படியாயின் தபால் வாக்கை அடியோடு ஒழிப்பதே தக்கதென்று முடிவு செய்யலாமா? பிரான்சு அவ்வாறுதான் செய்தது. கோர்சிக்கா முதலிய இடங்களில் மலிந்த மோசடியைக் காரணங்காட்டி 1975ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாடு தபால் வாக்கை நீக்கிவிட்டது. ஜெர்மனியிலோ 1957ஆம் ஆண்டிலிருந்தே அம்முறை உண்டு. தாமே தனித்துக் குறித்ததாக வாக்காளர் சத்தியப் பிரமாணத்துக்கு நிகரான உறுதிமொழியிற் கையொப்பமிடுவர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் பிரான்சிலும் ஜெர்மனியின் பவேரியாவிலும் நகர சபைத் தேர்தல்களின் முதற் சுற்று ஒரே தினத்தில் நிகழ்ந்தது. கொரோனாத் தொற்றுப் பரவிய நாட்கள் அவை. இரண்டாம் சுற்றைப் பவேரியா இரு வாரங்களின் பின், மார்ச் 29ஆம் நாள், முற்றிலும் தபால் மூலமாகக் குறித்த தவணையில் நடாத்தி முடித்தது. பிரான்சின் இரண்டாம் சுற்று யூன் மாதம் 28ஆம் நாள் வரை தள்ளிப்போயிற்று. சாவடியை மட்டும் நம்பிய நாடு, சாவடி மூடப்படும் காலத்திற் கைகட்டி நிற்க நேர்ந்தது.

அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தின் அனுபவமும் கருதத்தக்கது. அம்மாநிலம் 1981ஆம் ஆண்டில் உள்ளூர்த் தேர்தல்களிலேயே தபால் வாக்களிப்பைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1987ஆம் ஆண்டில் அவற்றுக்கு அதனை நிலையாக்கிற்று. 1998ஆம் ஆண்டில் மக்களே வாக்களித்து எல்லாத் தேர்தல்களுக்கும் அதனை விரித்தனர். வாக்காளர் ஒவ்வொருவரதும் கையொப்பம் பதிவேட்டிலுள்ள கையொப்பத்தோடு ஒப்பிடப்படுகின்றது. இங்கிலாந்து ஏறத்தாழ நான்காண்டுகளில் ஓட முயன்ற தூரத்தை ஒறிகன் பதினேழு ஆண்டுகளில் நடந்து கடந்தது. தபாற்பெட்டி தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. சமுதாயத்தில் நிலவும் அதிகார உறவுகளை அறிந்து அதற்கேற்ற வேலி அமைத்த இடத்தில் அது பயன் தந்தது. அறியாத இடத்தில் எளியோரைக் காட்டிக்கொடுத்தது.

இவ்வெளிச்சத்தில் எமது நாட்டை நோக்குவோம். இலங்கையில் தபால் மூல வாக்கு, தேர்தற் கடமையில் ஈடுபடும் அரசாங்க ஊழியர், பொலிசார், படையினர் முதலிய வரையறுக்கப்பட்ட பிரிவினருக்கே உரியதாயிருந்து வந்துள்ளது. அதுவும் வீட்டிலிருந்து அளிக்கும் வாக்கன்று. தேர்தற் கடமைக்குச் செல்லும் ஆசிரியர்களாகிய எம்மவர், குறித்த தினத்தில், அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில், தம் சீட்டைத் தனித்து நின்று குறித்து, உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கின்றனர். பெயர் தபால் வாக்கு. உண்மையில் அது முன்கூட்டியே திறக்கப்படும் சிறு சாவடி. இங்கிலாந்து கைவிட்ட மறைப்புத் தட்டியை இம்முறை கைவிடவில்லை. இது போற்றத்தக்கது.

எனினும் இம்முறையும் அதிகாரத்தின் கைக்கு அப்பாற்பட்டதன்று. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9ஆம் நாள் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் எவ்வாறு நின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்தலின் முதற்படி தபால் வாக்களிப்பு. பெப்ரவரி 22ஆம் நாள் தொடங்கவிருந்த அதற்கு வேண்டிய சீட்டுகளை, பணம் கிடைக்காமையால் அரசாங்க அச்சகம் அச்சிட்டு வழங்கவில்லை. தபால் வாக்களிப்பு நின்றது. அதனைத் தொடர்ந்து தேர்தலே நின்றது. தேர்தலுக்கென ஒதுக்கிய நிதியைத் தடுக்கலாகாதென உயர் நீதிமன்றம் மார்ச் 3ஆம் நாள் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தும், ஏப்பிரில் 25ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறவில்லை. குடிமக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 22ஆம் நாள் தீர்ப்பளித்தது. தேர்தல் நிகழ்ந்ததோ 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள். இரண்டாண்டுகளுக்கு மேலாக ஊர்ச் சபைகள் மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளின் கையில் இருந்தன. வாக்காளருக்கும் பெட்டிக்கும் இடையே பேர்மிங்ஹாமில் வட்டாரப் பெரிய மனிதன் நின்றான்; இங்கே திறைசேரி நின்றது.

இதனினும் ஆழமான குறை வேறொன்றுண்டு. கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் உழைக்கும் மலையக இளைஞர், சுதந்திர வர்த்தக வலயங்களிற் தைக்கும் பெண்கள், கட்டட வேலைக்கு ஊரூராகச் செல்லும் கூலியாளர், வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் நோயாளர் ஆகியோருக்குத் தபால் வாக்கில்லை. வாக்களிக்க விடுமுறை வழங்க வேண்டுமெனச் சட்டம் கூறுவது உண்மையே. ஆனால் நாட்கூலிக்காரருக்கு விடுமுறை என்பது கூலியிழப்பே. பதுளைக்கும் மன்னாருக்கும் சென்று திரும்பும் பஸ் கட்டணத்தைச் சட்டம் கொடுப்பதில்லை. அரசாங்க உத்தியோகத்தருக்கு வாக்கு அவரிருக்குமிடம் தேடி வருகின்றது. உழைப்பாளியோ வாக்கைத் தேடி நாடு கடந்து செல்ல வேண்டும். சொத்துக்கேற்பப் பன்னிரண்டு வாக்கு அளித்த பழைய அநீதி ஒழிந்துவிட்டது. ஆயின் கட்டணம் செலுத்த வல்லவருக்கே வாக்கு எட்டும் புதிய அநீதி ஓசையின்றி நிற்கின்றது.

இவர்களுக்குத் தபால் வாக்கை விரிக்க வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் எவ்வாறு? மலையகத்தில் லயன் அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாக வந்து சேர்வதே நெடுநாளைய வழக்கம். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதமே நாட்கடந்து கைக்குக் கிட்டும் இடத்தில், வாக்குச்சீட்டு யார் மேசையில் தங்கும்? 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாற் குடியுரிமையையும் வாக்கையும் இழந்து, பல பத்தாண்டுகள் போராடி அவற்றை மீட்ட மக்களின் சீட்டைத் தோட்டத்துரையின் அலுவலகத்துக்கு அனுப்புவது, வேல்ஸ் நாட்டுக் குடியானவனின் வாக்கை நிலப்பிரபுவிடம் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே விரிக்க வேண்டியது எமது நாட்டிலுள்ள முறையையே. இங்கிலாந்து 2000ஆம் ஆண்டிற் புகுத்திய முறையையன்று. ஊரைவிட்டு உழைக்கும் தொழிலாளர், தாம் உழைக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள பிரதேச செயலகத்தில், தொழில் வழங்குநரின் நிழல் படாத இடத்தில், தேர்தல் அலுவலர் முன்னிலையில், தட்டியின் மறைவில் நின்று குறிக்கட்டும். அதன்பின் அச்சீட்டைத் தபால் அவர்தம் ஊருக்குச் சுமந்து செல்லட்டும். வைத்தியசாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அலுவலர் பெட்டியோடு செல்லட்டும். சீட்டு அச்சிடும் செலவு அமைச்சரின் விருப்பத்திலே தங்காதவாறு சட்டத்தால் உறுதிப்படுத்தப்படட்டும். இதற்குச் செலவாகுமெனக் கூறுவோர் இருப்பர். சாவடிகள் அமைத்தால் வீண் செலவென்று 1872ஆம் ஆண்டுக்கு முன்னரும் கூறியோர் இருந்தனர். வாக்குச்சீட்டு எவ்வளவு தூரம் பயணம் செய்தாலும் பாதகமில்லை. அதிலே புள்ளடியிடும் கணத்தில் அந்த உழைப்பாளியின் பக்கத்தில் எவரும் நிற்கலாகாது.